தகரக் கூரையும் அழகுணர்ச்சியும்

வீட்டைப் புதுப்பிப்பது இன்று ஒரு தனிக் கலையாகவே போற்றப்படுகிறது. எந்தத் தரைக்கு எந்தக் கல், எந்தச் சுவருக்கு எந்த வர்ணம் என்று வழிகாட்டும் ஏடுகள் பல வெளிவருகின்றன. அவற்றைப் புரட்டிப் பார்ப்போருக்கு அண்மைக்காலப் போக்கு ஒன்று தெளிவாகப் புலப்படும். பூச்சில்லாத செங்கற்சுவர், மெருகிடாத சீமெந்துத் தரை, பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்தெடுத்த பலகை, நெளிதகரம் ஆகியவை இப்போது உயர்ந்த ரசனையின் சின்னங்களாகிவிட்டன. நோர்வூட்டில் லயக் காம்பராவொன்றிலே பிறந்து வளர்ந்த ஒருவன் இப்படங்களைக் கண்டால் சிரிப்பதா, சினப்பதா என்று தெரியாது திகைப்பான். எந்தத் தகரத்தின் கீழிருந்து விடுபட வேண்டுமென்று அவனுடைய பாட்டன் வாழ்நாளெல்லாம் ஏங்கினானோ, அந்தத் தகரம் செல்வரின் வரவேற்பறையிலே அலங்காரமாக நிற்கிறது.

இம்முரண்பாட்டுக்கு விளக்கம் யாது? தகரம் ஒன்றுதான். ஆயின் ஒருவன் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கிறான்; மற்றவன் தலைமேல் அது சுமத்தப்பட்டிருக்கிறது. அழகைப் பற்றிப் பேசப் புகுவோர் இவ்வேறுபாட்டை முதலிலே கணக்கில் எடுத்துக்கொள்ளல் வேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமையை ஒதுக்கிவிட்டு ரசனையை மதிப்பிடும் விமர்சனம் அரைகுறை விமர்சனமே.

நோர்வூட் இதற்கு நல்ல சான்று. ஹற்றனிலிருந்து டிக்கோயாவைக் கடந்து பொகவந்தலாவை நோக்கிச் செல்லும் பாதையிலே, 3,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது இவ்வூர். இப்பகுதியிலே வெள்ளைத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில 2005 ஆம் ஆண்டு முதல் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகளாக மாறின. காசல்ரீ, டியன்சின், சமர்வில் ஆகியவற்றோடு நோர்வூட் பங்களாவும் அவற்றுள் ஒன்று. பழைய கட்டடத்தின் உருவைச் சிதைக்காது புதிய வசதிகளை அதனுள் அமைப்பது எளிய காரியமன்று. அத்திறமையை நாம் குறைகூறவில்லை. ஆனால் அதே தேயிலையின் ஊதியத்தில் எழுந்த மற்றொரு பழைமையும் அருகிலேயே உள்ளது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை வரிசையாகக் கோத்து நிறுத்திய லயம் அது. பங்களாவின் பழைமை பாதுகாக்கப்படுகிறது. லயத்தின் பழைமையோ வெறுமனே நீடிக்கிறது.

லயத்து மக்கள் தங்கள் இருப்பிடத்தைப் புதுப்பிக்காமல் இருக்கிறார்கள் என்று எண்ணிவிடலாகாது. முன்புறத்து இஸ்தோப்பை அடைத்து ஓர் அறையாக்குகிறார்கள். பின்புறத்திலே அடுப்பங்கரையை நீட்டுகிறார்கள். மண்தரை சீமெந்தாகிறது, கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைக்கும் பிள்ளையின் பணம் வந்தால் பளபளக்கும் தரைக்கல்லும் பதிக்கப்படுகிறது. சுவர்களுக்குக் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பும் பச்சையும் பூசப்படுகின்றன. கற்றோர் சிலர் இதனைப் பகட்டு என்று இகழ்வர். தலைமுறை தலைமுறையாகப் புகை படிந்து கறுத்த சுவரை எதிர்த்து எழுந்த வர்ணம் அது என்பதை அவர்கள் உணர்வதில்லை.

எனினும் நாம் பரிவு காட்டுவதோடு நின்றுவிடவும் கூடாது. குளிரும் ஈரமும் மிக்க மலைநாட்டிலே பளிங்குத் தரை பாதத்தைச் சில்லிட வைக்கிறது. மழைக்காலத்தில் வழுக்கவும் செய்கிறது. மேலே தகரம் ஒழுகிக்கொண்டிருக்க, கீழே தரைக்கல் மின்னுவதைக் காண்கிறோம். இத்தலைகீழ் வரிசை அறியாமையால் விளைந்ததன்று. லயத்தின் கூரை பல குடும்பங்களின் மேல் ஒரே தொடராக ஓடுவது. ஒரு குடும்பம் தனித்து அதனை உயர்த்தவோ மாற்றவோ இயலாது. சுவரும் நிலமும் குடியிருப்பவனுக்குச் சொந்தமல்ல. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. லயத்துக்காரனின் நிலை இரண்டு மாற்றங்களிலும் மாறவில்லை. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தம் நிதியைச் செலவிடுவதற்கு 1987 ஆம் ஆண்டின் சட்டம் தடையாக இருந்தது. 2018 இலேதான் அது திருத்தப்பட்டது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களைப் பற்றிய தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டதன் பொருள் இங்கே விளங்கும். காம்பரா இருந்தும் வீடற்றவன் அவன். ஆகவே தன் கைக்கு எட்டிய தரையையும் வர்ணத்தையும் மட்டுமே அவனால் அழகுபடுத்த முடிகிறது.

தகரத்தை அகற்றிய இடங்களிலே பெரும்பாலும் வந்து சேர்ந்தது அஸ்பெஸ்டஸ் தகடு. அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைவிப்பன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. தகட்டை அறுக்கும்போதும், துளையிடும்போதும், அது முதிர்ந்து சிதையும்போதும் கண்ணுக்குப் புலனாகாத நார்கள் காற்றிலே கலக்கின்றன. 2018 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை அரசு திட்டமிட்டிருந்தது. 2017 டிசம்பரிலே ரஷ்யா, தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. இலங்கைக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்பும் முதன்மை நாடும் அதுவே. சில நாட்களுக்குள் அஸ்பெஸ்டஸ் மீதான கட்டுப்பாடு கைவிடப்பட்டது. தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து பறிப்பவளின் உழைப்பை விற்பதற்காக, அவள் தலைக்கு மேலுள்ள கூரை பேரம் பேசப்பட்டது. கட்டடப் பொருள் பற்றிய எந்த அழகியல் நூலிலும் இச்செய்தி இடம்பெறாது.

ஜெஃப்ரி பாவா என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் நெளிந்த அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகட்டைக் கீழே இட்டு, அதன்மேல் களிமண் ஓட்டைப் பரப்பும் முறையைக் கையாண்டார். மழை ஒழுகாது, கண்ணுக்கும் மண்ணின் நிறம் இதமளிக்கும். செல்வரின் இல்லத்தில் ஓட்டுக்கு அடியிலே மறைந்த அத்தகடு, ஏழையின் இல்லத்திலே நேராகத் தலைக்கு மேல் கிடக்கிறது.

மாற்று வழி இல்லையா? உண்டு; அதுவும் மலைநாட்டிலேயே உண்டு. கண்டியில் வட்டபுலுவ வீடமைப்புத் திட்டத்தை 1950களில் வகுத்த மினெட் டி சில்வா, குடிவரப்போகும் அரசாங்க ஊழியர்களின் தேவைகளை வினாக்கொத்து மூலம் கேட்டறிந்த பின்னரே வீடுகளை வரைந்தார். எழுத்தர்க்குக் கிட்டிய அக்கேள்வி தோட்டத் தொழிலாளிக்கு ஏன் கிட்டலாகாது?

2017 மே 12 இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட்டிலே பேசியபோது, முன்பு உறுதியளித்த 4,000 வீடுகளுக்கு மேலாகப் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் நிலமும் தனி வீடும் என்னும் இத்திட்டம், லயத்தோடு ஒப்பிடின், சந்தேகமின்றி முன்னேற்றமே. ஆனால் அதனையும் நாம் விமர்சனக் கண்கொண்டு நோக்குதல் வேண்டும். மழையில் நனைந்து மலையிலிருந்து இறங்கும் பெண் தன் படங்கையும் கம்பளியையும் எங்கே உலர்த்துவாள்? விறகை எங்கே அடுக்குவாள்? அடுப்பின் புகை எவ்வழி வெளியேறும்? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வெளிச்சமுள்ள மூலை எது? இவற்றுக்கு விடை தராத வரைபடம், சுவர் எத்துணை அழகாயினும், குறைபட்ட வரைபடமே.

ஆசிரியர்களும் மாணவர்களும் இங்கே செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. வாழும் காம்பராவை அளந்து, கூரையின் பொருளையும் வயதையும், ஒழுகும் இடங்களையும், தங்கியிருப்போர் தொகையையும் குறித்து வைப்போம். எதை மாற்ற விரும்புகிறார்கள் என்று முதலிலே பெண்களைக் கேட்போம். அக்குறிப்புகள் தொழிற்சங்கத்தின் கையிலும் பிரதேச சபையின் மேசையிலும் சேரட்டும். நிலத்துக்கு உறுதிப்பத்திரமும், நஞ்சில்லாத கூரையும், குடியிருப்போரைக் கேட்டு வரைந்த வீடும் கிட்டிய பின்னர், தொழிலாளி தன் சுவருக்கு எந்த வர்ணத்தைப் பூசினால் என்ன? அது அவன் உரிமை. அந்நாளிலே தகரம் அழகானதென்று அவனே கருதுவானாயின், அத்தீர்ப்பையும் நாம் மகிழ்ந்து ஏற்றுக்கொள்வோம்.