துண்டு போட்ட சீட்

இளம்பிள்ளைக்குச் சேலை வாங்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர் முந்தானையை விரித்துப் பார்ப்பதோடு நிற்கமாட்டார். சேலையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். புட்டாவுக்குப் போன நூல் எங்கே வெட்டுப்பட்டது, எங்கே பிசிறு தொங்குகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டது. விலங்குகளின் சண்டையைக் கணக்காக எழுதிக்காட்டிய ஒரு வேலைப்பாட்டை அப்படித் திருப்பிப் பார்த்துத்தான் எனக்கு அதன்மேல் மோகம் வந்தது.

கேள்வி எளியது. வெயில் காலத்தில் வேலி மேல் இரண்டு ஆண் ஓணான்கள் எதிரெதிரே நிற்கும். கழுத்து சிவக்கும், உடம்பு உப்பும், தலை மேலும் கீழும் ஆடும். பையன்கள் கல்லைத் தேடி எடுப்பதற்குள் ஒன்று இறங்கிப் போய்விடும். ஒன்றையொன்று கடித்துக் குதறிச் சாவது அபூர்வம். ஏன்? இனம் அழியக் கூடாது என்பதற்காக விட்டுக்கொடுக்கின்றன என்று ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். கேட்க இதமாக இருக்கும், பதிலாக நிற்காது. எல்லோரும் விட்டுக்கொடுக்கும் கூட்டத்தில் விட்டுக்கொடுக்காத ஒருவன் புகுந்தால் அத்தனையையும் அவனே வாரிக்கொள்வான். அவன் பிள்ளைகள்தான் பெருகும்.

சரியான பதிலுக்கு வழி 1973-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. எழுதியவர்கள் ஜான் மேனார்டு ஸ்மித், ஜார்ஜ் பிரைஸ். முன்னவர் போர்க்காலத்தில் விமானப் பொறியாளராக இருந்துவிட்டு உயிரியலுக்கு வந்தவர். அவருடைய ஆசிரியர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-இல் இங்கிலாந்தை விட்டு நம் நாட்டுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் கண்மூடினார்; உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார். பிரைஸ் வேறு ரகம். மான்கள் கொம்பை வைத்துக்கொண்டு ஏன் கொன்றுகொள்வதில்லை என்று அவர் எழுதி அனுப்பிய நீண்ட கட்டுரை மதிப்பீட்டுக்காக மேனார்டு ஸ்மித் கைக்கு வந்தது. அது அச்சேறவில்லை. ஆனால் உள்ளே இருந்த யோசனையை மேனார்டு ஸ்மித் மறக்கவில்லை. மற்றவர் யோசனையைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளவும் இல்லை. பிரைஸையும் சேர்த்துக்கொண்டே வெளியிட்டார். மோதுகிறவனுக்குப் பருந்து என்றும், அடங்கிப் போகிறவனுக்கு இன்னொரு பெயரும் வைத்தார்கள்; முதல் கட்டுரையில் பருந்துக்கு எதிராக நின்றது எலி. புறா பிறகுதான் வந்தது. புறா பரிசுத்த ஆவியின் அடையாளம் என்பதால் பக்திமானாகிவிட்ட பிரைஸுக்கு அது உறுத்தியது என்று சொல்வார்கள். இருந்ததையெல்லாம் வீடற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, 1975 சனவரியில் லண்டனில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார்.

கணக்குக்கு வருவோம். கிடைக்கும் பொருளின் மதிப்பு 20. காயம்பட்டால் நட்டம் 100. பருந்து எப்போதும் மோதும். புறா மிரட்டிப் பார்க்கும், எதிராளி மோத வந்தால் விலகிவிடும். புறாவும் புறாவும் சந்தித்தால் பாதிக்குப் பாதி, ஆளுக்குச் சராசரி 10. பருந்து புறாவைச் சந்தித்தால் இருபதும் பருந்துக்கு. பருந்தும் பருந்தும் மோதினால் ஒன்றுக்கு 20, மற்றதற்குக் காயம்; சராசரியில் ஆளுக்கு 40 நட்டம். ஐந்தில் ஒரு பங்கு பருந்து என்று வைத்துப் போட்டுப்பாருங்கள். பருந்துக்குக் கிடைப்பது 8. புறாவுக்கும் அதே 8. பருந்து கொஞ்சம் கூடினால் பருந்துக்கு நட்டம், குறைந்தால் லாபம். ஆகவே தராசு அங்கேயே வந்து நிற்கிறது. எல்லோருமே புறாவாக இருந்திருந்தால் ஆளுக்கு 10 கிடைத்திருக்கும். எல்லோருக்கும் நல்லதான அந்த ஏற்பாடு நிற்காது, எட்டுதான் நிற்கும். இத்தனை கசப்பான செய்தியை நாலு கட்டத்துக்குள் வைத்த கைத்திறனை நான் ரசிக்கிறேன். ஜக்கார்டு அட்டையில் ஓட்டை உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகள். அதிலிருந்துதான் மயிலும் மாங்காயும் விழுகின்றன.

இதைவிட அழகான கட்டம் அடுத்தது. மூன்றாவதாக ஒருவனை விடுகிறார்கள். இடத்தில் முதலில் இருந்தால் பருந்தாக நிற்பான்; பிறகு வந்தவனானால் புறாவாகப் போய்விடுவான். சேலத்தில் இளம்பிள்ளை பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிறோமே, அந்த ஏற்பாடு. துண்டுக்கு என்ன பலம்? ஒன்றுமில்லை. ஆனாலும் மலைபோல் ஓர் ஆள் ஏறிவந்து துண்டைப் பார்த்துவிட்டு முனகிக்கொண்டே பின்னால் போகிறார். இந்த ஆட்டக்காரர்கள் மட்டுமே உள்ள ஊரில் அடிதடி கிடையாது. சராசரி வரவு மறுபடியும் 10. பருந்து வந்தாலும் புறா வந்தாலும் இவர்களைவிடக் குறைவாகவே சம்பாதிக்கும். நல்லெண்ணத்தால் நிலைக்காத பத்து, யார் முன்னால் வந்தது என்ற வெறும் வழக்கத்தால் நிலைக்கிறது. இதை முதலில் போட்டுப் பார்த்த அன்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது பின்பக்கம். எல்லோருக்கும் ஒரே பலம், யாரும் யாரையும் எங்கேயும் சந்திக்கலாம் என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. உலகம் அப்படி இல்லை. 1978-இல் நிக் டேவிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அருகே காட்டில் வெயில் திட்டுகளைக் காக்கும் வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்து, முன்னால் வந்ததே ஜெயிக்கிறது என்று எழுதினார். துண்டுக் கணக்கு பலித்துவிட்டது என்று கொண்டாடினார்கள். பிறகு வந்தவர்கள், வெயிலில் இருந்த பூச்சிக்கு உடம்புச் சூடு ஏறியிருக்கும், அதனால் ஜெயிக்கிறது என்றார்கள். இது பிசிறுதான், மறைப்பதற்கில்லை. நம் பக்கத்துக் கட்டுச்சேவல் இன்னொரு பாடம். பின்வாங்காத சேவலையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்து, காலில் கத்தியும் கட்டிவிட்டால் காயத்தின் விலையை இயற்கை தீர்மானிப்பதில்லை, கட்டுபவர் தீர்மானிக்கிறார். அதைப் பார்த்துவிட்டு மிருக குணம் என்று பேசுவது தப்பு.

சண்டையை விட்டு ஒத்துழைப்பு என்று வந்தால், உத்திகளை நிரல்களாக எழுதி ஒன்றோடொன்று ஆடவிட்ட ராபர்ட் ஆக்சல்ராடின் கணினிப் போட்டியை எல்லோரும் சொல்வார்கள். முதலில் நல்லவனாயிரு, பிறகு எதிராளி செய்ததைத் திருப்பிச் செய் என்ற அனடோல் ராபபோர்ட்டின் குட்டி நிரல் ஜெயித்தது. அதற்கு அளவுக்கு மீறிப் புகழ் வந்துவிட்டது என்பது என் கட்சி. ஒருவர் கை ஒருமுறை தவறினால் போதும், இருவரும் மாறி மாறிப் பழிவாங்கிக்கொண்டே இருப்பார்கள். நூல் கடனில் பேச்சுவார்த்தை அறுந்த பங்காளிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் மனம் நிற்பது குளவிக்கூட்டில். தென்னிந்தியாவில் பரவலாகக் காணும் காகிதக் குளவி ஒன்று, ரொபாலிடியா மார்ஜினேட்டா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகளாக இதைப் பார்த்துவருகிறார். பெண் குளவிகள் பலவும் தனியே கூடுகட்டி முட்டையிட வல்லவை. பிறகு ஏன் ராணிக்கு உழைக்கிறது? ரத்த உறவு என்று மட்டும் சொல்ல முடியவில்லை. கூட்டுக்குள் உறவு அத்தனை நெருக்கமில்லை. கதக்கர் காட்டிய காரணங்களில் ஒன்று எனக்குச் சட்டென்று புரிந்தது. தனியே வளர்க்கும் தாய் நடுவில் செத்தால் புழுக்கள் அத்தனையும் சாகும். கூட்டத்தில் வளர்த்தால் அவள் விட்ட இடத்திலிருந்து இன்னொருத்தி தொடர்வாள், பட்ட பாடு வீண்போகாது. அண்ணன் படுத்துவிட்டால் பாதியில் நிற்கும் பாவைத் தம்பி உட்கார்ந்து நெய்து முடிக்கிற வீடு இது.

இந்த ராணி சாதுவானவள், அடிதடியில் இறங்குவது அபூர்வம். அவளை எடுத்துவிட்டால் சில நிமிடங்களில் ஒரு வேலைக்காரி மட்டும் மூர்க்கமாகிறாள். மற்றவை எதிர்ப்பதில்லை. ஒரு வாரம் போல் கழித்து அவள் முட்டையிடத் தொடங்குகிறாள், மூர்க்கமும் அடங்குகிறது. அடுத்தவள் யார் என்று பார்க்கும் மனிதரால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. குளவிகளுக்குத் தெரிந்திருக்கிறது என்று 2008-இல் அனிந்திதா பத்ராவும் கதக்கரும் எழுதினார்கள். 2012-இல் அலோக் பாங்கும் கதக்கரும் அடுத்தடுத்து ராணிகளை எடுத்துப் பார்த்தார்கள். சண்டையில்லாமல் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக வந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத துண்டு போட்ட வரிசை.

எரவாணத்தில் குளவிக்கூட்டைக் கண்டதும் பந்தத்தைத் தேடாதீர்கள். கொட்டாத தூரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.