ஸ்டைன்பெக்கை நம்பி மாணவர்களோடு புறப்படலாமா?

அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்குக் கடலோர உயிரியல் சொல்லிக்கொடுக்க மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவுக்குக் கிளம்பும் ஆசிரியர்களில் பலர் தயாரிப்பாகப் படிப்பது ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி லாக் ஃப்ரம் த சீ ஆஃப் கோர்டெஸ்’. 1940 மார்ச்சில் ‘வெஸ்டர்ன் ஃப்ளையர்’ என்ற மத்தி பிடிக்கும் படகில் ஸ்டைன்பெக்கும் அவருடைய நண்பர், உயிரியலாளர் எட் ரிக்கெட்ஸும் சுமார் ஆறு வாரம் அந்தக் கரைகளில் உயிரினம் சேகரித்த கதை அது. நான் பெரிதும் மதிக்கும் புத்தகம். ஆனால் வகுப்பை வழிநடத்தப் போகிறவருக்கு அது போதுமா என்பது வேறு கேள்வி.

பார்க்கக் கற்றுக்கொடுப்பதில் அதற்கு இணை குறைவு. நம்மூர் வஞ்சிரத்தின் இனமான சியரா மீனைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. ஃபார்மலினில் கிடக்கும் மீனின் துடுப்பு முட்களை எண்ணினால் கிடைக்கும் எண்ணும் உண்மைதான். தூண்டிலில் துள்ளி, நிறம் மாறி, படகுத் தளத்தில் வாலடிக்கும் மீனும் உண்மைதான். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் மீன் கைநழுவிவிடும். ஆய்வக மேசையைத் தாண்டிக் கடலைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் பதிப்பில் தொடங்குகிறது. 1941இல் இருவர் பெயரிலும் வந்த மூல நூலின் பெரும்பகுதி உயிரினப் பட்டியல்: எந்தக் கரையில் எது கிடைத்தது, எது மலிந்திருந்தது, எது அரிது. 1948இல் ரிக்கெட்ஸ் இறந்தார். 1951இல் பயணக் கதை மட்டும் தனி நூலானது, பட்டியல் விடுபட்டது. இன்று எல்லோர் கையிலும் இருப்பது இந்தப் பாதிதான். வகுப்புக்கு வேண்டியதோ மற்றப் பாதி. 2004இல் உயிரியலாளர்கள் வில்லியம் கில்லி, ரேஃப் சகாரின் முதலியோர் அதே வழியில் படகில் போய், அன்றிருந்தவை இன்று எவ்வளவு அருகிவிட்டன, எவ்வளவு சிறுத்துவிட்டன என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்ததற்கு அந்தக் குறிப்புகளே காரணம். இருபதுக்கு மேல் கைகள் கொண்ட சூரிய நட்சத்திர மீன் அப்போது அக்கரைகளில் சாதாரணமாகக் காணக்கூடியது. 1978இல் அது கூட்டங்கூட்டமாக மடிந்தது. பட்டியல் தெரியாத ஆசிரியர் வெறும் பாறையைக் காட்டி, இதுதான் இந்தக் கரையின் இயல்பு என்று சொல்லிவிடுவார்.

அடுத்தது பயணத்தின் வடிவம். ஸ்டைன்பெக்கும் ரிக்கெட்ஸும், கடல் உள்வாங்கும் ஏறக்குறைய ஒவ்வொரு வற்றத்துக்கும் ஒரு புதுக் கரை என்று போனார்கள். அள்ளினார்கள், புட்டியில் அடைத்தார்கள், நங்கூரத்தை எடுத்தார்கள். பள்ளிகளுக்கும் ஆய்வகங்களுக்கும் மாதிரி உயிரினங்களை விற்று வாழ்ந்த ரிக்கெட்ஸுக்கு அது தொழில். அதே புத்தகம் ஜப்பானிய இறால் படகுகள் கடலடியை வழித்தெடுத்து, வேண்டாத மீன்களைச் செத்தபின் கடலில் வீசியதைக் கண்டு பதைக்கிறது. அந்தப் பதைப்பு மாணவர்களுக்குள் போக வேண்டும். அள்ளும் பழக்கம் போகவே கூடாது. இன்று மெக்சிகோ அரசின் அனுமதி இல்லாமல் ஒரு சங்கைக்கூட வாளியில் போட விடக் கூடாது. புரட்டிய கல்லைப் பழையபடி வைக்காமல் நகரவும் விடக் கூடாது.

இன்னொரு குறை பலர் கண்ணில் படுவதில்லை. படகு வடக்கே ஏஞ்சல் டி லா கார்டா தீவுவரைதான் போனது. இன்று அரிசோனா பக்கத்து மாணவர்கள் அதிகம் போவதோ வளைகுடாவின் வடகோடியில் உள்ள புவெர்ட்டோ பெனாஸ்கோவுக்கு. அங்கே ஏற்றவற்ற வேறுபாடு ஏழு மீட்டர்வரை எட்டும்; கடல் வெகுதூரம் உள்வாங்கும், திரும்பி வரும்போது வேகமாக வரும். ஆகவே வகுப்புத் தேதியைக் கல்லூரி நாட்காட்டியை வைத்துக் குறிக்காமல், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். யார் எப்போது கரையேற வேண்டும் என்பதும் முதல் நாளே தீர்மானமாகியிருக்க வேண்டும். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். மீறிக் கொட்டினால் தாங்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் காலை வைக்க வேண்டும். அந்த வெந்நீர் எங்கே கிடைக்கும் என்பதைக் கடலில் இறங்கும் முன்பே பார்த்து வைப்பவரே ஆசிரியர். இப்படிப் பின்னணியில் நடக்கும் வேலையும் அந்த நூலில் முழுதாகத் தெரியாது. ஸ்டைன்பெக்கின் மனைவி கேரோல் அந்தப் படகில் இருந்தார். கதையில் அவர் பெயரே வருவதில்லை. ஒரு பயணம் யார் யார் உழைப்பில் ஓடுகிறது என்பதை அந்த நூலிலிருந்து முழுமையாகக் கற்க முடியாது.

கரையின் மக்களும் அதில் பெரும்பாலும் ஓரத்தில்தான் வருகிறார்கள். அதே வளைகுடாவின் சோனோரா கரையில் வாழும் செரி மக்கள் கடல் புல்லின் விதையை அறுவடை செய்து மாவாக்கி உண்டவர்கள். இதை ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ஃபெல்கரும் மேரி பெக் மோசரும் 1973இல் பதிவு செய்தார்கள். கடலில் விளைந்த தானியத்தைப் பற்றிச் செரி மக்களின் வாயால் கேட்கும் ஒரு மணி நேரத்துக்கு எந்தப் பாடநூலும் ஈடாகாது. அதற்கு முன்கூட்டியே போய்ப் பேசி, உரிய மரியாதையும் ஊதியமும் தந்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

என் முடிவு இது: ஸ்டைன்பெக்கை மாணவர்கள் படிக்கட்டும், ஆசிரியர் தன் தயாரிப்பை அவர்மேல் கட்ட வேண்டாம். ஆசிரியர் 1941இன் பட்டியலையும், கரையோர முதுகெலும்பில்லா உயிரினங்கள் பற்றிய ரிச்சர்ட் புருஸ்காவின் கையேட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்துக் கரைகளைத் தொட்டுவிட்டு வருவதை விட்டு, ஒரே கரையில் தங்க வேண்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அதே பாறையில் அதே வற்றத்தில் எண்ணி ஒப்பிடும்படி இந்த ஆண்டு மாணவர்கள் எண்ணி எழுதிவைக்க வேண்டும்.