நான்கு விரற்கடை

நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடையை முடித்துக்கொண்டு லஸ் முனையில் காப்பிக்காக ஒதுங்கும் எங்கள் கோஷ்டியில், ஓட்டப் பந்தயத்தைப் பற்றிய பேச்சு எந்த வழியாக நுழைந்தாலும் அது 1984-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து லாஸ் ஏஞ்சலஸ் மைதானத்தில் போய்த்தான் நிற்கும். நின்ற மறுகணமே யாரேனும் ஒருவர் டவராவைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சை முன்னே தள்ளி, "இப்படி ஒரு சாய்ப்புச் சாய்ந்திருந்தால் பதக்கம் நம்முடையது ஸார்" என்று அபிநயம் பிடித்துக் காட்டுவார். நாற்பது வருஷங்களாக இந்த அபிநயத்தைப் பார்த்து வருகிறேன். பரதத்தின் அரிச்சுவடிகூட அறியாத மயிலாப்பூர்வாசிக்கும் தெரிந்த ஒரே முத்திரை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த முத்திரை பிழை என்பது என் கட்சி.

பி.டி. உஷாவைப் பற்றிய பேச்சு என்பதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. பய்யோளிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகி, பதினாறாவது வயதில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓடி, பிறகு தெற்கு ரயில்வேயில் பணி புரிந்தவர். சென்ட்ரலுக்குப் பக்கத்திலிருந்து நடக்கும் ரயில்வே என்ற ஒரே காரணத்தால், கேரளத்துப் பெண்மணியை எங்கள் கோஷ்டி "நம்ம ரயில்வேப் பெண்" என்று ஸ்வாதீனமாகச் சொந்தம் கொண்டாடுவதில் எனக்கும் சம பங்கு உண்டு. பட்சபாதம் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அவர் வெண்கலத்தைத் தவறவிட்டது ஒரு விநாடியில் நூறில் ஒரு பாகத்தில். அது, நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் அவர் ஓடிய வேகத்துக்குக் கணக்கிட்டால், ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர்; நம் பாட்டிமார் கணக்கில் நான்கு விரற்கடை. எல்லைக்கோட்டில் தலையோ கையோ காலோ கணக்கில் சேராது, உடலின் நடுப்பகுதி தொடுவதே கணக்கு என்பது விதியாகையால், நெஞ்சை முன் தள்ளுவதில் லாபம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாய்ப்பு ஓர் இச்சா காரியம், நினைத்தால் செய்யலாம், நினைக்காமல் விட்டால் தவறு என்று காப்பிக் கடையில் தீர்ப்புச் சொல்லுகிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. முன்னூற்றறுபது மீட்டரை ஓடி, பத்துத் தடைகளைத் தாண்டி, மிச்சமிருக்கும் நாற்பது மீட்டரில் கால்கள் ஈயமாகக் கனக்கும்போது, சாய்ப்பைத் தாங்க இடுப்பிலும் தொடையிலும் கொஞ்சம் பலம் மீந்திருக்க வேண்டும். மீந்திருக்கவில்லையென்றால் அதன் காரணத்தைக் கோட்டருகே தேடுவது, வண்டி நின்றுபோன இடத்தில் எண்ணெய் சிந்தியிருக்கிறதா என்று பார்ப்பதைப் போன்றது.

தேட வேண்டிய இடம் எட்டாவது தடைக்கும் ஒன்பதாவது தடைக்கும் நடுவே இருக்கிறது.

புறப்பட்ட இடத்திலிருந்து நாற்பத்தைந்து மீட்டரில் முதல் தடை. பிறகு ஒவ்வொன்றுக்கும் நடுவே முப்பத்தைந்து மீட்டர். தடையின் உயரம் இரண்டரை அடி. இந்த முப்பத்தைந்து மீட்டரைத் தேர்ந்த பெண்கள் பதினைந்து எட்டில் கடப்பார்கள். ஒற்றைப்படை எட்டாக இருக்கும் வரையில் ஒவ்வொரு தடைக்கும் அதே கால்தான் முன்னே போகும். வளைவில் இடக்கால் முன்னே போவது அனுகூலம் என்பதால், பலரும் அதையே பழகி வைத்துக்கொள்வார்கள். களைப்பு வந்ததும் எட்டு குறுகுகிறது. பதினைந்து எட்டு அடுத்த தடையை எட்டாது என்பது ஓடுகிறவளின் தொடைக்குத் தெரியும், மூளைக்கு அப்புறந்தான் தெரியும். அப்போது மூன்று வழிகளே உண்டு: பல்லைக் கடித்துக்கொண்டு எட்டை நீட்டுவது, பதினாறாக்கிப் பழகாத காலை முன்னே விடுவது, அல்லது பதினேழாக்கிப் பழகிய காலையே வைத்துக்கொண்டு தடைக்கு முன்னால் குறுகுறுவென்று தடுமாறுவது. நீட்டினால் கடைசி நாற்பது மீட்டருக்கான பலம் இங்கேயே செலவாகிறது. கால் மாற்றினால் தாண்டல் உயர்ந்து காற்றிலேயே காலம் போகிறது. தடுமாறினால் வேகமே போகிறது. எதைத் தேர்ந்தாலும் நஷ்டம் நான்கு விரற்கடைக்கு மேல்தான். பார்க்கிறவர்களோ அந்த நேரத்தில் யார் முன்னே, யார் பின்னே என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களேயொழிய, கால்களை எண்ணுவதில்லை.

அந்த நிர்ணயம் ஓடும்போது எடுக்கப்படுவதாகத் தோன்றினாலும், அது முன்னதாகவே எடுக்கப்பட்டுவிட்ட ஒன்று. லாஸ் ஏஞ்சலஸில்தான் பெண்களுக்கான நானூறு மீட்டர் தடை ஓட்டம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. அடிப்படையில் தடையற்ற ஓட்டக்காரியான நம் வீராங்கனை அதைக் கையிலெடுத்துச் சொற்ப காலமே ஆகியிருந்தது. இருந்தும் அரையிறுதியை முதலாவதாக முடித்தார். இறுதி ஓட்டத்தில் வேறொருவர் முந்திப் புறப்பட்டதால் எல்லோரும் திரும்பி வந்து மறுபடியும் குனிய வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, பிற்காலத்தில் அவரே சொன்ன ஒரு சங்கதி: ஒலிம்பிக் கிராமத்து அமெரிக்கச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயுமாகவே அங்கே நாட்களைக் கழித்ததாகவும், கடைசி முப்பத்தைந்து மீட்டரில் தம் பலம் குன்றியதற்கு அது ஒரு காரணமென்றும் அவர் சொல்லியிருக்கிறார். காய்ச்சல்காரர்களுக்கு நாம் கொடுக்கும் பத்தியத்தை உண்டு ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தவரிடம், நெஞ்சைத் தள்ளவில்லையே என்று கேட்பதற்கு நமக்கு எப்படித்தான் நா எழுகிறதோ!

இதிலுள்ள இன்னொரு அநியாயம், ஒரு முழு ஜீவிதத்தை அந்த நான்கு விரற்கடைக்குள் மடித்து வைத்துவிட்டது. மறு வருஷமே ஜகார்த்தாவில் ஆசிய சாம்பியன் பட்டப் போட்டியில் ஐந்து தங்கம். அதில் நூறு மீட்டரும் உண்டு, நானூறு மீட்டர் தடையும் உண்டு. 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும். எல்லாவற்றிலும் ஓடியது பேராசை என்று சொல்லும் பண்டிதர்கள் தியாகராய நகரில் இன்றும் இருக்கிறார்கள்; இருக்கட்டும். கல்யாணமாகி, குழந்தை பெற்று, 1998-இல் ஃபுக்குவோக்காவில் திரும்பவும் ஓடி 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலம் வாங்கினாரே, அதைப் பேச லஸ் முனையில் ஒருவருமில்லை.

அவர் லாஸ் ஏஞ்சலஸில் ஓடிய 55.42 விநாடி முப்பத்தொன்பது வருஷங்கள் தேசியச் சாதனையாக அசையாமல் நின்று, 2023 அக்டோபரில் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் நம் கோயம்புத்தூர்ப் பெண்ணொருத்தியால் நூறில் ஒரு பாகம்கூடக் கூடாமல் குறையாமல் தொடப்பட்டது. மறுநாள் இறுதியில் அவளுக்கு வெண்கலம். "சமன் செய்தாளே தவிர முறியடிக்கவில்லையே" என்று அன்றைக்கும் டவரா கீழே வைக்கப்பட்டது. நானோ அதில் வேறொன்றைப் பார்த்தேன். முதலாமவர் உயிரைக் கொடுத்து இறுதியில் ஓடிய வேகத்தை, இரண்டாமவள் தகுதிச் சுற்றில், அடுத்த நாளுக்கும் கொஞ்சம் மீத்து வைக்க வேண்டிய ஓட்டத்தில் ஓடினாள். சாதனை நாற்பது வருஷம் நின்றது என்பது பெருமையென்றால், நிற்கும்படி நாம் விட்டது அவ்வளவு பெருமையல்ல.

இனி நான் சொல்லப் போவது ஜோசியம். 1920-இல் தொடங்கி இன்று நந்தனத்திலிருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் பக்கம், அதை நிறுவிய ஹாரி குரோ பக் 1924-இல் பாரிஸுக்கு இந்தியக் குழுவை அழைத்துச் சென்ற கதையை யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து, எனக்கு ஒரு பிரியம். சாயங்காலங்களில் அந்தப் பக்கம் போனால் சற்று நிற்பேன். சென்ற மாதம் பதினாறு வயதிருக்கும் ஒரு பெண், ஒரே ஒரு தடையை நிறுத்தி, பின்னால் தூரம் அளந்து தன் ரப்பர் செருப்பு ஒன்றை அடையாளமாகப் போட்டுவிட்டு, அங்கிருந்து ஓடி ஓடித் தாண்டிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை இடக்கால் முன்னே. செருப்பை ஒரு சாண் நகர்த்தி வைத்தபின் வலக்கால் முன்னே. வாய் மட்டும் முணுமுணுவென்று எண்ணிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க வந்தவளிடம், எந்தக் கால் சௌகரியம் என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் தாத்தா, எது வந்தாலும் விடுவேன்" என்றாள். எட்டாவது தடையின் மூன்று வழிகளில் ஒன்றை நஷ்டமில்லாத வழியாக்கும் வித்தையை, யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவள் இந்த வயதிலேயே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் லஸ் முனையில் பந்தயம் கட்டிவிட்டேன். 2028-இல் ஒலிம்பிக் திரும்பவும் லாஸ் ஏஞ்சலஸுக்கே போகிறது. ஓட்டங்கள் நடக்கப் போவதும் அதே பழைய கொலீசியம் மைதானத்தில். அதற்குள் நம் பெண் ஒருத்தி 54 என்று தொடங்கும் நேரத்தில் ஓடுவாள், அந்த மைதானத்தில் அரையிறுதி வரையிலாவது வருவாள், கடைசி நாற்பது மீட்டரில் பிறரைவிடக் குறைவாக வேகம் இழப்பாள். தோற்றால் ஒரு மாதக் காப்பிச் செலவு என்னுடையது. ஜெயித்தால் அபிநய நண்பர் அந்த முத்திரையை இனி எங்கள் முன்னால் பிடிக்கக் கூடாது. முதல் நிபந்தனைக்கு அவர் உடனே சம்மதித்துவிட்டார். இரண்டாவதற்கு அவகாசம் கேட்டிருக்கிறார்.