கடவுளை மறுத்தபின் அரசியல்: இந்திய நாத்திகச் சிந்தனையின் கிளைகள்

கடவுளை மறுப்பவருக்கென்று தனி அரசியல் ஏதேனும் உண்டா என்று இருபதாம் நூற்றாண்டு இந்திய நாத்திகர்களின் வாழ்வில் தேடினால், இல்லை என்றே விடை கிடைக்கிறது. ஒரே மறுப்பிலிருந்து புறப்பட்ட பகத்சிங் புரட்சிகரப் பொதுவுடைமைக்கும், பெரியார் சாதியொழிப்புக்கும், ஆந்திரத்தின் கோரா காந்தியின் ஆசிரமத்துக்கும், எம்.என். ராய் கட்சிகளே வேண்டாம் என்ற முடிவுக்கும் போய்ச் சேர்ந்தனர். இந்துத்துவம் என்ற கொள்கைக்கு 1923இல் நூல்வடிவம் தந்த சாவர்க்கரும் சடங்குகளில் பற்றில்லாதவர்; பசு பயனுள்ள விலங்கேயன்றித் தெய்வமன்று என்று எழுதியவர். நாத்திகம் தானாகவே முற்போக்கு அரசியலைக் கொண்டுவந்து சேர்க்கும் என்ற நம்பிக்கையைக் குலைக்க அவர் ஒருவரே போதும். ஆகவே மதநம்பிக்கையற்ற ஒருவருடைய சிந்தனைச் சுதந்திரத்தை அறிய, அவர் எந்தக் கோயிலுக்குப் போகவில்லை என்பதைக் காட்டிலும், தம்முடைய அணியோடு எந்த இடத்தில் முரண்பட்டார் என்பதைக் கேட்பதே பயனுடையது.

இம்முரண்பாடு நாத்திக இயக்கத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. 1880களில் சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழை நடத்திய இலௌகிக சங்கத்தார், அதாவது மறுமையை விடுத்து இவ்வுலக வாழ்வையே அறத்தின் அளவுகோலாகக் கொண்டவர்கள், இங்கிலாந்தின் சார்லஸ் பிராட்லா பக்கம் நின்றவர்கள். 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிராட்லா, நாத்திகர் என்பதால் பதவிப் பிரமாணச் சிக்கலில் மாட்டி, திரும்பத் திரும்ப வென்றும் 1886 வரை தம் இருக்கையில் நிலைகொள்ள முடியவில்லை. அத்தகையவரே சோசலிசத்தைக் கடுமையாக எதிர்த்தார். அவரோடு நெருங்கிப் பணியாற்றிய அன்னி பெசன்ட்டோ முதலில் சோசலிசத்துக்கும், 1889இல் பிரம்மஞான சபைக்கும், பின்னர் சென்னை அடையாற்றுக்கும் நகர்ந்துவிட்டார்.

தமிழகத்தில் இதற்கு இணையான உரசல் 1930களின் நடுவில் நிகழ்ந்தது. பகத்சிங் லாகூர்ச் சிறையில் 1930இல் எழுதிய, தாம் நாத்திகரானதற்கான காரணங்களை விளக்கும் கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழாக்க, பெரியாரின் அச்சகம் வெளியிட்டது. அரசு ஜீவாவையும் பெரியாரின் தமையனார் ஈ.வெ. கிருஷ்ணசாமியையும் கைது செய்தபோது, தம் சுயமரியாதை இயக்கம் தடை செய்யப்பட்டுவிடக்கூடும் என்று அஞ்சிய பெரியார் மன்னிப்புக் கேட்டு வெளிவருமாறு அறிவுறுத்தினார். மனமின்றி அதற்கு உடன்பட்ட ஜீவா விரைவிலேயே பிரிந்து பொதுவுடைமை இயக்கத்தில் முழுமையாகக் கலந்தார். கடவுளைப் பற்றி இருவருக்குமிடையே இம்மியும் வேறுபாடில்லை. அரசை எப்போது எதிர்ப்பது, எதற்காக இயக்கத்தைக் காப்பது என்பதில்தான் பிளவு. 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்று பெரியார் அறிவித்தபோது அதை வெளிப்படையாக மறுத்துக் கட்டுரை எழுதிய அண்ணாவின் செயலும் இதே வகையினது. தலைவரின் பகுத்தறிவுப் பாடத்தைத் தலைவர்மீதே திருப்பியது என்று அதைச் சொல்லலாம்.

இவ்வரிசையில் தமிழ் வாசகர் அதிகம் அறியாதவர் கோரா எனப்படும் கோபராஜு ராமச்சந்திர ராவ் (1902-1975). நாத்திகக் கருத்துகளுக்காகக் கல்லூரி ஆசிரியர் பணியை இழந்த தாவரவியலாளரான அவர், 1940இல் கிருஷ்ணா மாவட்டத்து முதுனூர்க் கிராமத்தில் நாத்திக மையத்தைத் தொடங்கி, 1947இல் அதை விஜயவாடாவுக்கு மாற்றினார். கிரகண நேரத்தில் கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது என்ற அச்சத்தைப் போக்க, கருவுற்றிருந்த அவருடைய மனைவி சரஸ்வதியே வெளியே நடமாடிக் காட்டினார். 1940களில் சேவாகிராமத்தில் காந்தியோடு தங்கி நாத்திகம் பற்றி நேரில் வாதிட்ட கோரா, ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர் ஒருவருக்குத் தம் மகளை மணமுடிக்க முன்வந்தபோது, அத்திருமணத்தைத் தாமே நடத்தித்தர இசைந்த காந்தி, சடங்கில் கடவுளின் பெயர் வரும் இடத்தில் சத்தியத்தின் பெயரை வைக்கவும் ஒப்புக்கொண்டார். காந்தி கொல்லப்பட்ட பிறகு, 1948இல் அத்திருமணம் சேவாகிராமத்திலேயே நடந்தது. விட்டுக்கொடுத்தவர் ஆத்திகரே என்பது கவனிக்கத்தக்கது. அதற்குப் பின் கோரா காங்கிரசிலிருந்து விலகி, வேட்பாளர்கள் கட்சிக் கட்டுப்பாடின்றி மக்களுக்கு மட்டுமே பொறுப்பாயிருக்கும் கட்சியில்லா மக்களாட்சியை வலியுறுத்தினார்.

அதே காலத்தில் எம்.என். ராயும் வேறு திசையிலிருந்து ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்தார். 1929இல் கம்யூனிஸ்ட் அகிலத்திலிருந்து நீக்கப்பட்ட அவர், தாம் தொடங்கிய தீவிர மக்களாட்சிக் கட்சியை 1948 இறுதியில் கலைத்தார். தனிமனிதரின் விடுதலையையும் பகுத்தறிவையும் எந்தக் கூட்டு அமைப்புக்கும் மேலாக வைப்பதே அவருடைய தீவிர மானுடவாதம். கொள்கையளவில் இது தூய்மையானது. ஆனால் படிப்பு வட்டங்களுக்கு வெளியே இதற்குக் கால் முளைக்கவில்லை என்பதும், திராவிட இயக்கம் ஊர்தோறும் வேரூன்றியதற்கு ராய் துறந்த அந்தக் கட்டமைப்பே துணைநின்றது என்பதும் மறுக்க முடியாதவை.

கட்டமைப்பு சட்டத்தையும் மாற்றியது. புரோகிதர் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்களை 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை என்று கூறியிருக்க, அண்ணா தலைமையிலான அரசு 1967இல் கொண்டுவந்த திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றுவதோ மோதிரம் அணிவிப்பதோ தாலி கட்டுவதோ போதும் என்றாக்கியது. ஆயினும் அப்பிரிவு இரு இந்துக்களுக்கிடையிலான திருமணத்துக்கே பொருந்துவதால், மணமக்கள் இருவரும் முழு நாத்திகராயினும் சட்டத்தின் கண்ணில் இந்துக்களாகவே மணம் புரிகின்றனர். இதை ஏற்காதவர்க்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உள்ளது. அதன்படி 30 நாள் முன்னறிவிப்பு பதிவு அலுவலகத்தில் எல்லோரும் காணும்படி ஒட்டப்படுவதால், வீட்டார்க்குத் தெரியாமல் சாதி கடந்து மணம் முடிக்க நினைக்கும் இணையர் பலர், நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், 7ஏ பிரிவையே நாடுகின்றனர்.