மரபுரிமையும் குடியிருப்பும்: மலையகத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஒரு கட்டடம் எப்போது மரபுரிமையாகிறது என்ற வினா அழகியலுக்கு மட்டும் உரியதன்று. நுவரெலியாவில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் வாசஸ்தலமாக இருந்தது இன்று கிராண்ட் ஹோட்டல். கந்தப்பளையில் இயக்கம் நின்றுபோன ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாயிற்று. காசல்றீ நீர்த்தேக்கத்தை அண்டிய துரை பங்களாக்கள் சிலவும் உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகளாயின. அதே தோட்டப் பொருளாதாரம் எழுப்பிய இன்னொரு கட்டட வகையும் உண்டு, அது லயம். 12 அடிக்கு 10 அடியான அதன் காம்பிரா, பழைமையில் பங்களாவுக்கு இளைத்ததன்று. அதனைப் பேண எவரும் முன்வரவில்லை. மக்கள் வேறிடமின்றி அதில் வாழ்வதால் அது தானாகவே பேணப்பட்டு வருகிறது!

பங்களாக்களைப் பேணியதால்தான் வீடில்லாமற் போயிற்று என்பது மிகை. பிரச்சினை காணியில் உள்ளது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் அரசுடைமையான பெருந்தோட்டங்களின் முகாமை 1992இல் கம்பனிகளிடம் சென்றது. இரு மாற்றங்களிலும் தொழிலாளி காணிக்கு உரியவனாகவில்லை. 2015இன் பின் தனிவீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வகுக்கப்பட்டது 7 பேர்ச். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீட்டுக்குப் பணம் கிடைத்தாலும் காணி விடுவிக்கப்பட வேண்டும். பங்களாவைச் சூழ்ந்த புற்றரையும் மரபுரிமையாக நோக்கப்படுமிடத்து, அச்சொல் நிலவுடைமைக்குப் பண்பாட்டு நியாயம் வழங்குகிறது.

பேணுதல் யாவும் பிற்போக்கானதல்ல. 1894இல் கட்டப்பட்ட நுவரெலியாத் தபாலகத்தை ஹோட்டல் நிறுவனமொன்றுக்கு வழங்கும் யோசனையை எதிர்த்து 2023 நவம்பரில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். அங்கே மரபுரிமை என்பது பொதுச்சொத்தைக் காக்கும் குரலாயிற்று.

இலக்கிய விமர்சகராகிய நாமும் குற்றத்துக்கு அப்பாற்பட்டவரல்லேம். லயத்தை நெடுங்காலம் துயரத்தின் குறியீடாகவே வாசித்தோம். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு இட்ட பெயர் 'வீடற்றவன்'. அதில் உருவகம் தேட வேண்டியதில்லை. வேலை போனால் காம்பிராவும் போகும் என்பது தோட்டத்து நியதி. கூரையின் கீழ் வாழ்ந்தும் அவன் வீடற்றவனே.

கம்பளைப் பகுதியில் பழைய லயமொன்று 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக உள்ளது. அதனை வரவேற்கிறோம். ஏனைய லயங்கள் இடிக்கப்படட்டும். அதற்கு முன் அங்கே குடியிருப்போர் பெயரில் காணி உறுதி எழுதப்படட்டும்.