அஜைல் அணியில் பிசினஸ் அனலிஸ்ட்: இந்திய வழியும் இலங்கை வழியும்

மலாக்காவின் புக்கிட் காத்தில் வட்டாரத் தமிழ் மாணவர்களுக்கு மென்பொருள் படிப்பு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகம் பக்கத்துப் புக்கிட் பெருவாங்கில் உள்ளது. அங்கே படித்து பிசினஸ் அனலிஸ்ட் ஆக விரும்புகிறவர் இந்தியாவிடமும் இலங்கையிடமும் கற்க நிறைய உண்டு.

வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறிந்து நிரலாளருக்குப் புரியவைப்பவர் அனலிஸ்ட். முன்பு எல்லாத் தேவைகளையும் தடித்த ஆவணமாக்கிக் கையொப்பம் வாங்கிவிட்டால் அவர் வேலை பெரும்பாலும் முடிந்தது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் கூடிய 17 பேர் வெளியிட்ட அஜைல் அறிக்கை, ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருளை உயர்த்திப் பிடித்தது. அஜைல் வழிகளில் பரவலான ஸ்க்ரமில் புராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள் என்ற பொறுப்புகளே உண்டு. அனலிஸ்டுக்கு எங்கே இடம்?

இந்தியாவில் இதற்கு விடை தேடியவர்களில் தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் முன்னோடி. 2001இல் பெங்களூரில் தொடங்கிய அதன் பணியைப் பற்றி, அஜைல் அறிக்கையை வெளியிட்டவர்களில் ஒருவரான மார்ட்டின் ஃபவுலர் எழுதியிருக்கிறார். அமெரிக்க வாடிக்கையாளர் ஒரு வசதியை ஓரிரு பக்கத்தில் விவரிப்பார். இந்திய அனலிஸ்ட் அதைச் சோதனைப் படிகளாக்கி அவரோடு பேசிச் சரிபார்ப்பார். குழப்பம் நிரலாகும் முன்பே பிடிபட்டது. டிசிஎஸ் போன்ற பெருநிறுவனமும் 2020க்குள் முழுமையாக அஜைலுக்கு மாற இலக்கு வைத்தது. ஆனால் பிறருக்காக மென்பொருள் செய்யும் இத்தகைய சேவை நிறுவனத்தில் புராஜெக்ட் மாறினால் அனலிஸ்டின் துறையும் மாறும்: இன்று வங்கி, நாளை காப்புறுதி.

இலங்கையில் ஆழமே பலம். மாலபேயில் வளர்ந்த மில்லேனியம்ஐடி பங்குச்சந்தை மென்பொருளில் பெயரெடுத்தது. 2009இல் லண்டன் பங்குச்சந்தை அதை 3 கோடி டாலருக்கு வாங்கியது. சுவீடனின் ஐஎஃப்எஸ் தன் சொந்த மென்பொருளைக் கொழும்பிலும் உருவாக்குகிறது. ஒரே பொருளோடு ஆண்டுக்கணக்கில் பழகும் அனலிஸ்டால் பேக்லாக்கில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், எது முந்த வேண்டும் என்று துணிந்து சொல்ல முடியும்.

இந்தியா என்றால் சேவை, இலங்கை என்றால் சொந்தப் பொருள் என்ற பிரிப்பு கறாரானதல்ல. சென்னையின் சோஹோ சொந்தப் பொருள்களைச் செய்கிறது. இலங்கையில் வேரூன்றிய வெர்டூசா சேவை நிறுவனம்.

புதிதாக வேலைக்குச் செல்லும் மலாக்கா இளையர் இரண்டையும் சேர்த்துக்கொள்வதே நல்லது. முதலில் ஒரு துறையை இலங்கையர் போல ஆழமாகக் கற்க வேண்டும். பிறகு ஒவ்வொரு யூசர் ஸ்டோரிக்கும் (பயனரின் தேவையைச் சொல்லும் சிறு குறிப்பு), ஸ்பிரிண்ட் எனும் குறுகிய வேலைச் சுற்று தொடங்குமுன், இந்திய அனலிஸ்ட் போலச் சோதனைப் படிகளை எழுதிப் பழக வேண்டும். அப்படிப்பட்டவரை எந்த அணியும் கைவிடாது.