ஐம்பது நாள் அவரை

ஆவணி நடுவில் ஒரு நாள் காலை, கோவையிலிருந்து என் பழைய சக ஊழியர் போன் செய்தார். "ஏனுங்க, உங்க மாடியில அம்பது நாள்ல அவரைக்காய் பறிச்சுட்டீங்களாமா? எந்த விதைங்க அது? எனக்கும் கொஞ்சம் அனுப்பி வையுங்க."

ஆடிப்பெருக்கு அன்று ஊன்றிய விதை அது. போன் வந்த அன்று கொடி பந்தல் கயிற்றைக்கூட எட்டியிருக்கவில்லை. ஆனால் என் வலைப்பூவில், என் பெயரில், "கடந்த வாரம் முதல் பறிப்பில் ஒரு கிலோ கிடைத்தது" என்று இருந்தது. எழுதியது நானில்லை. மாதச் சந்தா கட்டி நான் வைத்திருக்கும் ஏஐ ஏஜென்ட்.

இந்தக் கருவியோடு எட்டு வாரம் ஆகிவிட்டது. இணைப்பதில் சிரமமே இல்லை. என் வலைப்பூ இயங்கும் வேர்ட்பிரஸ், 2020-இல் 5.6 பதிப்போடு 'அப்ளிகேஷன் பாஸ்வேர்ட்' என்ற வசதியைக் கொடுத்தது. நம் சொந்தக் கடவுச்சொல்லைத் தராமல் வெளிச் செயலிக்குத் தனிச் சாவி கொடுக்கலாம், வேண்டாதபோது அதை மட்டும் ரத்து செய்யலாம். அந்தச் சாவியைக் கொடுத்து, மாடித்தோட்டம்தான் பொருள் என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு ஏஜென்ட் தலைப்பு தேடும், ஒன்று இணையத்தில் தகவல் திரட்டும், ஒன்று எழுதும், ஒன்று படம் சேர்க்கும். காலை ஆறு மணிக்குப் பதிவு தயார். 'வரைவாக வை', 'உடனே வெளியிடு' என்று இரண்டு வழி உண்டு. வாங்கும்போதே 'உடனே வெளியிடு' என்பதில்தான் வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் அதை நான் மாற்றவில்லை.

அவரையில் நடந்தது என்ன என்று பதிவின் தேடல் குறிப்புகளைத் திறந்து பார்த்தேன். ஏஜென்ட் 'அவரை' என்பதை ஆங்கிலத்தில் 'பீன்ஸ்' என்று மாற்றித் தேடியிருக்கிறது. கிடைத்தவை எல்லாம் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விளையும் பீன்ஸ் பற்றியவை. அது ஐம்பது, அறுபது நாளில் காய்ப்பது உண்மை. நம் பந்தல் அவரை வேறு பயிர். பகல் குறைந்து இரவு நீண்டால்தான் அது பூவெடுக்கும். ஆடியில் ஊன்றினால் பனிக்காலத்தில் பூத்து, தை மாசி வரை காய்க்கும். சித்திரையில் ஊன்றினால் மாதக்கணக்கில் கொடியும் இலையுமாகத்தான் நிற்கும். பருவம் பாராமல் காய்க்கும் குத்து அவரை தனி. ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொல்லிவைத்ததற்குள் இந்தக் கணக்கும் இருக்கிறது.

பயிர் மாறிப்போனதை மன்னித்துவிடுவேன். மனிதர்களுக்கும் அது நேரும். ஆனால் "நான் பறித்தேன்" என்று எழுதியதை மன்னிக்க முடியவில்லை. தோட்டம் போடுகிறவர் இன்னொரு தோட்டக்காரர் சொல்வதை எதற்காகக் கேட்கிறார்? அவர் செய்து பார்த்திருக்கிறார் என்பதற்காக. அந்த ஒரு நம்பிக்கையை, கையில் மண் படாத ஒன்று என் பெயரில் செலவழித்துவிட்டது. நண்பருக்கு உண்மையைச் சொல்லி, பதிவை எடுத்துவிட்டு, அதே இடத்தில் திருத்தமும் போட்டேன்.

அன்றே 'வரைவாக வை' என்று மாற்றினேன். அதற்குப் பிறகுதான் மற்றவை கண்ணில் பட்டன. பஞ்சகவ்யம் லிட்டருக்கு 300 மி.லி. என்று ஒரு வரைவு. தெளிப்பதற்குச் சொல்லப்படுவது 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மி.லி. ஒரு சுழி கூடினால் பத்து மடங்கு. எல்லாப் பதிவும் "இன்றைய வேகமான உலகில்" என்று தொடங்கி, "முடிவாக" என்று முடிகிறது. மூன்று மூன்று குறிப்புகளாக அடுக்குகிறது. தமிழ் என்பதால் செலவும் கூடுகிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'தோ' என்று எழுதினாலே 6 பைட். டோக்கன் (உரையை நறுக்கி எண்ணும் துண்டு) கணக்கில் கட்டணம் வாங்கும்போது அதே அளவு பதிவுக்கு ஆங்கிலத்தைவிட நாம் அதிகம் கொடுக்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு சந்தாவை நான் நிறுத்தவில்லை. காரணம், ஒலிக்குறிப்பு.

காலையில் தண்ணீர் ஊற்றும்போது போனில் பேசி அனுப்பினால் அதைப் பதிவாக்கித் தரும் வசதி இதில் இருக்கிறது. ஒரு நாள், "கத்திரித் தொட்டியில எறும்பு ஏறுது, இலைக்கு அடியில அசுவினி" என்று மட்டும் சொன்னேன். மாலையில் வந்த வரைவில் நான் சொன்னது நான் சொன்னபடியே இருந்தது. அசுவினி சுரக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு வருகிறது, அது அசுவினிக்குக் காவலும் இருக்கும் என்ற விளக்கத்தை மட்டும் சேர்த்திருந்தது. அது சரியான தகவல். அடியில் ஒரு கேள்வி: "வேப்பெண்ணெய் தெளித்தீர்களா? தெளித்திருந்தால் அளவைச் சொல்லுங்கள்." எழுதுகிறவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கும் கருவி எவ்வளவு பெரிய உதவி! மூட்டுவலியோடு உட்கார்ந்து தட்டச்சு செய்ய முடியாமல் நான் விட்டுவைத்த எத்தனையோ அனுபவங்கள் இந்த எட்டு வாரத்தில் பதிவாகியிருக்கின்றன.

சரக்கு நாம் கொடுத்தால் நேர்மையாக எழுதுகிறது. கொடுக்காவிட்டால் தானே புனைகிறது. இந்தக் கருவியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வாங்குகிறவர்கள் முதல் நாளே மூன்று வேலை செய்யுங்கள். உடனே வெளியிடும் வழியை மூடுங்கள். குறிப்பில் இல்லாத எதையும் 'நான்' என்று எழுதாதே என்று கட்டளையில் சேர்த்துவிடுங்கள். குறிப்பு இல்லாத நாளில் பதிவு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தினம் ஒரு பதிவு வந்தால் தேடலில் மேலே வரலாம் என்ற ஆசையும் வேண்டாம். பயனில்லாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை, இயந்திரம் செய்தாலும் மனிதர் செய்தாலும், 2024 மார்ச்சிலேயே கூகுள் தன் விதிகளில் முறைகேடு என்று சேர்த்துவிட்டது.

இது புரட்டாசிக் கடைசி. விதை ஊன்றி எழுபது நாள் தாண்டிவிட்டது. பந்தல் முழுக்க இலை. இன்று காலை போனில் சொன்னேன்: "அவரை இன்னும் பூக்கல." ஏஜென்ட் இரண்டு வரியில் வரைவு அனுப்பியது. ஒரு சொல்லும் மாற்றாமல் வெளியிட்டேன்.